ஏழு ஊர்களை இடம் மாற்றிய நாலு கிலோமீட்டர் தண்டவாளம்

ஜெர்மனியின் நடுவில் ஐஷன்பெர்க் என்றொரு சின்ன ஊர். கோட்டிங்கனிலிருந்து தெற்கே போகும் ரயிலில் ஃப்ரீட்லாண்டுக்கு அடுத்த ஸ்டேஷன். ஊரைப் பார்த்தால் இங்கே எதற்கு ஒரு ஜங்ஷன் என்று தோன்றும். வடக்கே கோட்டிங்கன், மேற்கே காசல், கிழக்கே ஹாலே, தெற்கே பெப்ரா என்று நாலு பக்கமும் பாதை பிரிகிறது. 1867-ல் கோட்டிங்கன் பக்கமிருந்து கிழக்கே போகும் பாதை வந்தது. 1872-ல் காசல் பாதை, 1876-ல் பெப்ரா பாதை. எல்லாம் எங்கேயாவது கூட வேண்டும், இங்கே கூடின.

ரயில் ஆர்வலர்கள் இதுபோன்ற ஸ்டேஷன்களைப் பற்றி எழுதும்போது எஞ்சின், சிக்னல், நடைமேடை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் இந்த ஜங்ஷனின் கதையில் 1945-ஐ இரண்டு வரியில், அதுவும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

போர் முடிந்ததும் ஜெர்மனியைக் கூறு போட்டார்கள். ஐஷன்பெர்க் அமெரிக்கர் பகுதியில் இருந்தது. வடக்கே ஃப்ரீட்லாண்ட் பிரிட்டிஷாரிடம், கிழக்கே சில கிலோமீட்டரில் சோவியத் பகுதி. ஹாலே பாதை அங்கேயே அறுந்தது. பெப்ரா பாதையில் வேறு சிக்கல்: வெர்லெஸ்ஹவுசன் அருகே சுமார் 4 கிலோமீட்டர் தண்டவாளம் சோவியத் பகுதிக்குள் நுழைந்து வெளியே வந்தது. பிரெமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு தெற்கே உள்ள அமெரிக்கப் படைகளுக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்த 4 கிலோமீட்டரில் ரயில் அடிக்கடி தடைபட்டது.

சரி, தண்டவாளத்தை நகர்த்த முடியாது, எல்லையை நகர்த்துவோம் என்று முடிவு செய்தார்கள். 1945 செப்டம்பர் 17 அன்று வான்ஃபிரீட் என்ற ஊரில் இரு தரப்புத் தளபதிகளும் கையெழுத்திட்டார்கள். வெர்லெஸ்ஹவுசனும் நாய்சேசனும் அமெரிக்கர்களுக்கு. பதிலுக்கு அஸ்பாக், சிக்கன்பெர்க், ஃபாட்டரோடே, வைடன்பாக், ஹென்னிகெரோடே ஆகிய 5 ஊர்கள், அமெரிக்கர் பகுதியில் இருந்த ஹெஸ்ஸன் மாநில ஊர்கள், சோவியத்துக்கு. கையெழுத்து முடிந்து விஸ்கியும் வோட்காவும் கைமாறினவாம். அதனால் பாதைக்கே 'விஸ்கி-வோட்கா லைன்' என்று பெயர் வந்துவிட்டது.

எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் இடம் இதுதான். அஸ்பாக்காரரிடம் யாராவது கேட்டார்களா? அன்றைக்கு அந்த எல்லை ராணுவ வரைபடத்தில் ஒரு கோடு. 1952-ல் கிழக்கு ஜெர்மனி எல்லையோரம் 5 கிலோமீட்டரைத் தடை மண்டலமாக்கி, நம்பிக்கைக்கு உரியவர்கள் அல்ல என்று கருதியவர்களை வெளியேற்றியது. அப்புறம் வேலி வந்தது. வெர்லெஸ்ஹவுசன் வேலிக்கு மேற்கு ஜெர்மனிப் பக்கம், அஸ்பாக் கிழக்கு ஜெர்மனிப் பக்கம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதை ஒரு சரக்கு ரயில் தீர்மானித்திருக்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றே நாளில், செப்டம்பர் 20 அன்று, பிரிட்டிஷார் ஃப்ரீட்லாண்டில் அகதி முகாம் திறந்தார்கள். மூன்று பகுதிகளும் தொடும் இடம், பக்கத்திலேயே ரயில். இதுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த முகாம் வழியே போயிருக்கிறார்கள். ஜங்ஷனைப் பற்றிய பேச்சில் இதுவும் வருவதில்லை.

பிறகு பல ஆண்டுகள் ஐஷன்பெர்க்குக்கு மூன்று திசைதான். ஆனால் வடக்கு-தெற்கு ரயில்கள் நிற்கவில்லை, 1963-ல் மின்பாதையும் வந்தது. 1990 மே 26 அன்று கிழக்குப் பாதை மறுபடி திறந்தது. ஐஷன்பெர்க் முழு ஜங்ஷனாகி ஓராண்டுதான் ஆனது. 1991 ஜூனில் ஹனோவர்-வூர்ஸ்பர்க் அதிவேகப் பாதை வந்து, தொலைதூர ரயில்களில் பெரும்பகுதி காசல் வழியே போய்விட்டது. இது எனக்குச் சிரிப்பு வரவழைக்கும் பகுதி; விஸ்கி கதையல்ல.

எல்லை போனபோது ஊர்கள் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வெர்லெஸ்ஹவுசன் இன்றும் ஹெஸ்ஸனில், அஸ்பாக் இன்றும் முன்னாள் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த துரிங்கியா மாநிலத்தில். அஸ்பாக் அருகே ஷிஃப்லர்ஸ்குருண்டில் பழைய எல்லை வேலியின் ஒரு பகுதியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜங்ஷனில் போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல், அங்கேயும் ஒரு மணி நேரம் போய் நின்று பாருங்கள்.