கறுப்புக் கொடியும் 90 டிகிரியும்

அமெரிக்க மரீன் படையின் பயிற்சி முகாம்களில் வெப்பநிலை 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே கறுப்புக் கொடி ஏற்றி, கடும் உடற்பயிற்சியை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு கருத்து உண்டு. 90 என்ற எண் சரி. ஆனால் அது வானிலைச் செய்தியில் வரும் வெப்பநிலை அல்ல. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் உள்ள வெப்பமானிக்கு 20, நிழலிலுள்ள சாதாரண வெப்பமானிக்கு 10 என்று சேர்த்துக் கணக்கிடும் ‘வெட் பல்ப் குளோப்’ அளவு. அதனால் வறண்ட பாலைவனத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் அந்தக் கொடி ஏறாமல் இருக்கலாம்.

நீங்களே பார்க்கலாம்: வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறுங்கள். வறண்ட நாளில் அளவு மளமளவென்று இறங்கும். புழுக்கமான நாளில் (நம் வியர்வை போலவே) லேசில் இறங்காது. அப்புறம், ‘வெட் பல்ப் குளோப்’ என்று தேடினால் கொடி அட்டவணையே கிடைக்கும்.