லண்டன்–நியூயார்க் பயண நேரம்

லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையிலான சுமார் 5,550 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, விமானத்தில் இரு திசையிலும் ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் ஆகும் என்று, இந்தப் பயண நேரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது காகிதத்தில் மட்டுமே சரியாக வரும் கணக்கு. வட அட்லாண்டிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக மிக உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம், லண்டன் நோக்கி வரும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது; எதிர்த்திசையில் செல்வதற்கோ அதுவே தடையாகிறது. எனவேதான் லண்டன் செல்ல ஏறத்தாழ ஏழு மணி நேரமும், நியூயார்க் செல்ல எட்டு மணி நேரமும் அட்டவணையில் ஒதுக்கப்படுகின்றன. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747, தரையைப் பொறுத்து மணிக்கு 1,300 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தை எட்டி, ஐந்து மணி நேரத்திற்குள் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியது. (அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதாகச் சிலர் எழுதியது தவறு, சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அதன் வேகம் வழக்கமானதே.)

மேலும், அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று; விமானம் நிலைய வாயிலைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் வாயிலில் நிற்பது வரையிலான நேரம். நெரிசல் வேளையில் ஓடுபாதைக்குக் காத்திருப்பதும், ஹீத்ரோவை நெருங்கிய பின் இறங்க முறை வரும்வரை வட்டமிடுவதும் அதில் அடங்கும். நியூயார்க் செல்லும் பயணச்சீட்டில் காலை 11 மணிக்கு லண்டனில் புறப்பாடு, பிற்பகல் 2 மணிக்கு வருகை என்றிருப்பதைக் கண்டு மூன்று மணி நேரப் பயணம் என எண்ணுவோருக்காக, இரு நகரங்களுக்கும் இடையிலான ஐந்து மணி நேரக் கடிகார வேறுபாட்டையும் அந்தக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.