அந்தக் காணொளியைப் பகிர்ந்த நண்பர்களுக்கு

இரண்டு நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிவரும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்க ஆசிரியை கைப்பேசியும் கையுமாக இருப்பதை, சன்னல் வழியாக யாரோ படம் பிடித்து, 'அரசுச் சம்பளம், வகுப்பில் வாட்ஸ்அப்' என்று தலைப்பிட்டுப் போட்டிருக்கிறார். என்னை நன்கு அறிந்தவர்களே அதைப் பகிர்ந்திருப்பதுதான் அதிகமாக வலிக்கிறது.

நானும் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை என்பதால் சொல்கிறேன்: அவர் வேலைதான் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அழைத்து, திரையைக் காட்டிக் கேள்வி கேட்டு, பதிலைத் தொட்டுப் பதிகிறார். அது, பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தின் வளரறி மதிப்பீடு (கற்கும்போதே பிள்ளை எந்த அளவு கற்றிருக்கிறது என்று பார்ப்பது) என்பது தொடக்கப்பள்ளியில் பணிபுரியும் எவருக்கும் பார்த்தவுடன் புரியும். 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய அத்திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்துக் கற்பிக்கிறோம். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் செயலியில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஏன் ஏற்றவில்லை என்று கேட்பார்கள், ஏற்றினால் நீங்கள் படம் பிடிக்கிறீர்கள்.

பதிவேற்றும் வேலை பாட நேரத்தைத் தின்கிறது என்று அந்தக் காணொளியின் கீழ் நான் எழுதியதற்கு, 'அப்படியென்றால் தொழில்நுட்பமே வேண்டாமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி எங்கே சொன்னேன்? 2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு (QR code) அச்சிடப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. என் வகுப்பில் ஒரு சிறுமி, பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காத குரலில்தான் வாசிப்பாள். ஒருநாள் அவள் வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து அவளுக்கே போட்டுக் காட்டினேன். காதருகே வைத்துக் கேட்டவள், முகத்தைச் சுளித்து, 'இதை அழிச்சிடுங்க டீச்சர், மறுபடி படிக்கிறேன்' என்று சொல்லி, அடுத்த முறை வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி வாசித்தாள். எத்தனையோ மாதங்கள் 'சத்தமாகப் படி' என்று நான் சொல்லியும் நடக்காதது அது. அதே கைப்பேசியில் பதிவேற்றம் நடக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மீதிப் பிள்ளைகளுக்குப் பாடமும் நடக்காது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் அந்த நேரத்துக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

'பதிவு இல்லையென்றால் இல்லாத மாணவரை இருப்பதாகக் காட்டலாமே' என்று இன்னொருவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. எமிஸ் (EMIS) என்ற, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் பதிவு வந்தபின் இடைநின்ற பிள்ளையைத் தேடுவதும் வேறு பள்ளிக்கு மாற்றுவதும் எளிதாகிவிட்டன என்பதை மறுக்க மாட்டேன். அந்தப் பதிவேற்றும் வேலைக்கு எல்லாப் பள்ளியிலும் தனியாக ஒருவரை வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். 'உங்களுக்கு விடுமுறை அதிகம்' என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இதே கைப்பேசிதான் எங்களையும் பிள்ளைகளையும் இணைத்தது. கல்வித் தொலைக்காட்சியில் இத்தனை மணிக்குப் பாடம் என்று வீடு வீடாக அழைத்துச் சொன்னோம். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவதால், அவர் திரும்பும்வரை காத்திருந்து, இரவில் பிள்ளைகளிடம் பேசினோம். கைப்பேசியும் எங்களுடையது, ரீசார்ஜ் செய்த பணமும் எங்களுடையது. அன்று யாரும் சன்னலோரம் நின்று படம் பிடிக்கவில்லை.

ஆசிரியையை விடுங்கள். வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் வந்தால் ஆபத்து என்று கருத்துப் பெட்டியில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அந்தக் காணொளியில் அவர் முன் நிற்கும் பையனின் முகம் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவனுக்கு ஆறு, ஏழு வயதிருக்கும். திரையில் இருக்கும் எழுத்தைச் சொல்லத் தெரியாமல் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நிற்கிறான். அதற்குக் கீழே சிரிப்புக் குறிகள். அவன் பெற்றோரிடம் யார் கேட்டார்கள்? நாளை அதே ஊரில், அதே தெருவில், எழுத்துத் தெரியாதவன் என்று அவனைப் பெரிய பிள்ளைகள் கூப்பிட்டால் அடுத்த முறை அவன் வாயைத் திறப்பானா? ஆசிரியை கையிலிருந்த கைப்பேசி அவனுக்கு எந்த எழுத்து வரவில்லை என்று கண்டுபிடிக்க இருந்தது. சன்னலுக்கு வெளியே இருந்த கைப்பேசி எதற்கு இருந்தது?

பகிர்ந்தவர்கள் இன்றே அதை நீக்கிவிடுங்கள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தனிச்செய்தியும் அனுப்பியிருக்கிறேன். அது எந்தப் பள்ளி, அந்தப் பையன் யார் என்று யாரும் இந்தப் பதிவின் கீழ் எழுத வேண்டாம், எழுதினால் அழித்துவிடுவேன்.