2019லும் வற்றாதது கூவம்தான்

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் தரை தட்டிக் கிடந்தன. நாலும் சேர்ந்து பதினொன்றேகால் டிஎம்சி பிடிக்கும். அந்த மாதக் கடைசியில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், ஐடி கம்பெனிகள் வீட்டிலேயே இருந்து வேலை பாருங்கள் என்றன, தெருவில் குடங்கள் வரிசை கட்டின. அந்த ஜூனிலும் சென்னைக்குள் ஓடிக்கொண்டிருந்தவை கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும்தான். மாதக்கணக்கில் மழையே பெய்யாத ஊரில் அவற்றில் என்ன ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லும்.

என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சென்னைக்கு எந்தப் பருவத்திலும் பொய்க்காத நீர் ஆதாரம் ஒன்று உண்டென்றால் அது நம் வீட்டுச் சாக்கடை. பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் நகரம், நிலைத்த நீர் மேலாண்மை என்று மேடை மேடையாகப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் ஏரி வருகிறது, அணை வருகிறது, கடல் வருகிறது, கிருஷ்ணா வருகிறது. கக்கூஸ் மட்டும் வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2019 கோடையில் சென்னைக் குடிநீர் வாரியம் தினசரி விநியோகத்தை 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடியாகக் குறைத்தது. விநியோகிக்கும் தண்ணீரில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அதன்படி, அந்த வறட்சியின் உச்சத்திலும் நாளுக்கு 42 கோடி லிட்டர் திரும்பியிருக்கும். லாரி, போர்வெல் தண்ணீரை இதில் சேர்க்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களோடு ரயில் வந்தது நினைவிருக்கும். மாலை போட்டு, பூத்தூவி, அமைச்சர்கள் வரவேற்றார்கள். அதில் வந்தது 25 லட்சம் லிட்டர். நம் சாக்கடையில் அவ்வளவு ஓட பத்து நிமிடம்கூட ஆகாது. ரயில் விட்டது தப்பென்று சொல்லவில்லை, தாகத்துக்கு வந்த தண்ணீர் அது. ஆனால் இருநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்த் தேடியவர்கள் காலடியில் ஓடியதை ஒரு தரம் குனிந்து பார்த்திருக்கலாம்.

சென்னைக்கு மழை குறைவு என்று சொல்லவே முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர். சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முழங்கால் முதல் மார்பளவு வரை நின்றோம். இரண்டுக்கும் நடுவே 2019. ஆந்திராவோடு போட்ட கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் ஆண்டுக்கு 12 டிஎம்சி என்கிறது. 1996லிருந்து வருகிறது, ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு வந்ததில்லை. ஆந்திராவிலும் மழை பெய்ய வேண்டும், அங்குள்ள கண்டலேறு அணை நிரம்ப வேண்டும், அங்குள்ளவர்கள் மனசும் வைக்க வேண்டும். காவிரி கதை சொல்லவே வேண்டாம். இத்தனை 'வேண்டும்'களும் இல்லாமல் தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் வருவது கழிவுநீர்.

கடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2010ல் மீஞ்சூரில் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது, 2013ல் நெம்மேலியில் இன்னொரு 10 கோடி, 2024ல் அங்கேயே 15 கோடி. இப்போது பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது, ஜப்பான் கடனில், நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இவை இல்லாமல் தென்சென்னை தாங்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரண்ட் பில்லை யோசியுங்கள். கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அந்த உப்பைத் தாண்டித் தண்ணீரை மட்டும் சவ்வுக்குள் தள்ள ராட்சச அழுத்தம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். ஏற்கெனவே இரண்டு கட்டம் (திடக்கழிவைப் படியவைத்து நீக்குவது, பிறகு நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைச் சிதைப்பது) சுத்திகரித்த கழிவுநீரில் உப்பு ஒன்றிரண்டு கிராம்தான். அதை ஆர்ஓ என்னும் சவ்வு வடிகட்டல் கட்டம் தாண்ட வைக்கச் சுமார் 1 யூனிட் போதும். பேரூர் முழு வேகத்தில் ஓடினால் தினமும் 12 லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. அதே அளவு நீரைக் கழிவுநீரிலிருந்து எடுத்தால் மூன்றில் ஒரு பங்கில் முடியும். கரியை எரித்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் கடல் நீரைக் குடிநீராக்கி, அந்தக் கரிப்புகையால் கெட்டுப்போன மழைக்கு ஈடு செய்கிறோம். இந்தச் சுற்றில் எனக்குத் தலை சுற்றுகிறது.

இந்த இடத்தில் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வழக்கமாக ஒரு வாந்தி எமோஜி வந்து விழும். "சார், பீத்தண்ணிய குடிக்கச் சொல்றீங்களா?"

குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், அண்ணே. பெங்களூரின் கழிவுநீர் விருஷபாவதியில் விழுகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி மேகதாதுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. ஒகேனக்கல் தாண்டி மேட்டூர், கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு, வீராணம். அங்கிருந்து குழாய் வழியாக 2004 முதல் சென்னைக்கு. வீராணம் தண்ணீர் வரும் வீட்டில் டம்ளரைத் தூக்கும்போது பெங்களூர்க்காரர் எவரோ குளித்த நீரின் ஒரு துளி அதில் இருக்கும். ஆறு அதை நீர்க்க வைத்தது, வெயிலும் மணலும் கொஞ்சம் சுத்தம் செய்தன, அவ்வளவே. 2019ல் மாலை போட்டு வரவேற்ற ரயில் தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான். ஆற்றில் போய் வந்தால் புனிதம், ஆலையில் போய் வந்தால் அசிங்கம் என்று நம் மனசு ஏதோ ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

கழிவுநீர் நம் டம்ளருக்கு வர இன்னொரு வழியும் உண்டு, அதுதான் மோசம். நம் ஊரில் மெட்ரோ தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. சில மணி நேரம் விட்டு நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் குழாய் காலியாகிறது, உள்ளே அழுத்தம் இல்லை. பக்கத்திலேயே ஓடும் பழைய சாக்கடைக் குழாயில் கசிவு இருந்தால் அது மண் வழியாக இதற்குள் இறங்கும். போதாததற்கு வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து லைனிலிருந்து உறிஞ்சுகிறோம். திடீரென்று தெரு முழுக்க வயிற்றுப்போக்கு என்று செய்தி வருகிறதே, பல நேரம் அதன் காரணம் இதுதான். இந்தக் கழிவுநீருக்கு எந்தச் சவ்வும் இல்லை, புறஊதா விளக்கும் இல்லை, சோதனைக்கூடமும் இல்லை.

நமீபியாவின் தலைநகரம் விண்ட்ஹுக்கில் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீர்க் குழாயில் விடுகிறார்கள். பாலைவன நாடு, வேறு வழியில்லை. சிங்கப்பூர் கொஞ்சம் நாசூக்கானது. 2002 தேசிய நாள் விழாவில் பிரதமர் கோ சோக் டோங்கும் கூடியிருந்த அறுபதாயிரம் பேரும் நியூவாட்டர் என்று பெயரிட்ட சுத்திகரித்த கழிவுநீர் பாட்டிலைத் தூக்கிக் குடித்தார்கள். அந்த நீரில் பெரும்பகுதி இன்று சிப் முதலான தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி வடிகட்டி வீட்டுக்கு வருகிறது. அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்கள் குடித்துவிட்டு நலமாகத்தான் வீடியோ கால் பேசுகிறார்கள்.

சென்னை இதில் புதுசும் இல்லை. மணலியின் பெரிய ஆலைகள் 1990களிலேயே நகரத்துக் கழிவுநீரை விலைக்கு வாங்கித் தாங்களே சுத்திகரித்துப் பயன்படுத்தின. பாதி நாட்டுக்கு அப்போது ஆர்ஓ என்றால் என்னவென்றே தெரியாது. 2019ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு (அந்த இரண்டு கட்டத்துக்குப் பிறகு ஆர்ஓ போல இன்னும் நுணுக்கமாக வடிகட்டுவது) ஆலைகள் வந்தன. முதலாவது மணலி, எண்ணூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு, இரண்டாவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்துக்கு. நம் கழிவுநீர் ஆலைகளில் கசடிலிருந்து எரிவாயு எடுத்து அங்கேயே மின்சாரம் தயாரிப்பதும் பல வருடமாக நடக்கிறது. இதையெல்லாம் செய்த பொறியாளர்களை யாரும் பாராட்டிப் பார்த்ததில்லை, அதனால் இங்கே ஒரு கும்பிடு. கார் கம்பெனிக்கு இந்தத் தண்ணீர் போனால் அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிஞ்சும். நாம் குடிக்கவே வேண்டாம், தொடக்கத்துக்கு அதுவே போதும். ஆனால் நகரத்தில் நாளுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் வசதி இருக்க, இந்த இரண்டு ஆலைகளில் முழுச் சுற்று வருவது அதிகபட்சம் 9 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டு கட்டம் சுத்தமாகி, திரும்பவும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று விழுந்து, சுத்திகரிக்காத சாக்கடையோடு கலந்து கடலுக்குப் போகிறது. காசு போட்டுக் கழுவிய தட்டைக் குப்பையில் வைப்பது போல.

அவசரப்பட்டாலும் ஆபத்துதான். பெங்களூர் 2018ல் இரண்டு கட்டம் மட்டும் சுத்திகரித்த நீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. வறண்ட ஊர், ஏரிகள் நிறைந்தன, கிணறுகளில் தண்ணீர் ஏறியது. ஆரம்பத்திலேயே நுரையும் வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நீர் நிலத்தடிக்குள் இறங்கும்போது கூடவே என்னென்ன இறங்குகிறது என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. மூன்றாம் கட்டத்துக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்தால் அந்தப் பாக்கியைக் கட்டப்போவது விவசாயியின் கிணறு. இங்கே ஏரியில் விடுவதாக இருந்தால் மூன்றாம் கட்டம் முடித்துத்தான் விட வேண்டும், அதில் பேரமே கூடாது.

இனி எங்கள் பக்கத்துக் கதை. 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்கு விரிந்தபோது ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரத்து ஊர்களும் உள்ளே வந்தன. வரி உடனே வந்தது. பாதாளச் சாக்கடை பல தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. எனவே தினசரிக் காட்சி இது: ஒரு லாரி தண்ணீர் கொண்டுவந்து சம்ப்பில் இறக்கும், இன்னொரு லாரி கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு போகும். சில நாள் கேட்டில் இரண்டும் எதிரெதிரே மாட்டிக்கொள்ளும், செக்யூரிட்டி விசில் ஊதுவார். இரண்டுக்கும் காசு கொடுப்பது நாங்கள். முதல் லாரித் தண்ணீர் பக்கத்து கிராமத்து விவசாயக் கிணற்றிலிருந்து வருகிறது. இரண்டாவது லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்டால் டிரைவர் சிரிப்பார்.

பெரிய குடியிருப்புகளில் எஸ்டிபி, அதாவது சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், கட்டாயம் என்று விதி இருக்கிறது. எங்களிடமும் இருக்கிறது. கட்டிக் கொடுத்தவர் கணக்குக்கு ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தார்: ஃப்ளஷுக்குத் தனிக் குழாய் கிடையாது, அதனால் சுத்திகரித்த நீரைச் செடிக்கு ஊற்றலாம், அவ்வளவுதான். முந்நூறு வீட்டு நீரைக் குடிக்க எத்தனை செடி வேண்டும்? மிச்சம் ராத்திரியில் மழைநீர் வடிகாலுக்குள் போனது. இது எங்கள் ஒருவர் கதை இல்லை, இந்தச் சாலை நெடுகக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது குழாய்ப்பாதை இல்லாமல் கட்டட நிறைவுச் சான்று தரக்கூடாது என்று விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தினால் போதும், ஒரு வீட்டின் தேவையில் ஃப்ளஷ் அளவு அப்படியே குறைந்துவிடும். கட்டும்போது குழாய் போடுவது மலிவு. பின்னால் டைல்ஸை உடைத்துப் போடுவதற்கு சங்கத்தில் ஓட்டு வாங்குவதைவிட எம்எல்ஏ ஆவது சுலபம்.

சாக்கடையைப் பற்றிப் பேசிவிட்டு அதற்குள் இறங்குகிறவரைப் பற்றிப் பேசாமல் போனால் அது பேச்சே இல்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993ல் ஒன்று, 2013ல் இன்னும் கடுமையாக ஒன்று. இருந்தும் சாக்கடைக் குழியிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் பதிவில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இறங்குகிறவர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்பதும் நமக்குத் தெரியும். அந்த வாந்தி எமோஜிக்குள் இதுவும் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். நம்மைவிட்டுப் போன கணமே அது வேறு யாருடைய வேலையோ ஆகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான கோடியில் நீர்த் திட்டம் போடும் நகரம், குழி சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் தெருவுக்குத் தெரு கொடுக்காமல் 'தாங்கும் நகரம்' என்று பலகை வைத்தால் அதில் எனக்கு மரியாதை வராது.

வெள்ளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக்கடை பள்ளம் நோக்கித்தான் ஓடும், ஆகவே ஆலைகளும் பள்ளத்தில்தான் நிற்கின்றன. கோயம்பேடு கூவத்தை ஒட்டி, பெருங்குடி பள்ளிக்கரணைச் சதுப்பில். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த அதே சதுப்பு. மழை பலமாகும்போது மின்மோட்டார்களும் பேனல்களும் தண்ணீருக்கு மேலே இருக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயரமான மேடை, மாற்று மின்சாரம், சதுப்பில் இனி ஒரு லோடு மண்ணும் கொட்டாமல் இருப்பது. இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

நான் கேட்பது சின்னது. தினமும் காலை வாரியம் ஏரி நீர்மட்டப் பட்டியல் போடுகிறது. பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, செம்பரம்பாக்கம், வீராணம். நவம்பரில் நாமெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைப் பார்க்கிறோம். அதற்குக் கீழே ஏழாவதாக ஒரு வரி சேருங்கள்: நேற்று எத்தனை கோடி லிட்டர் கழிவுநீர் வந்தது, எத்தனை மூன்றாம் கட்டம் தாண்டியது, யாருக்குப் போனது, எவ்வளவு கூவத்தில் விழுந்தது, தரச் சோதனையில் என்ன வந்தது. ஆறு மாதம் தொடர்ந்து போட்டால் எங்கள் வாட்ஸப் குழுவே அதை வைத்துச் சண்டை போட ஆரம்பித்துவிடும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். நான் எங்கள் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மனுவின் நகல் கமெண்டில் இருக்கிறது, பெயரை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.