வாஷிங்டன் போஸ்ட்டை வாங்கியது அமேசான் அல்ல

'வாஷிங்டன் போஸ்ட்டை அமேசான் வாங்கிவிட்டது. இணையத்துக்கே அதற்குப் பிறகுதான் வந்தது' என்று அமெரிக்க நாளிதழான வாஷிங்டன் போஸ்ட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2013 ஆகஸ்டில் 25 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தவர் அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ். பணம் அவருடைய சொந்தப் பணம்; பத்திரிகை இருப்பது அவருடைய நாஷ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் பெயரில். அமேசான் பங்கு வைத்திருப்பவருக்கு போஸ்ட்டில் காலணா உரிமை கிடையாது.

அதற்கு முன் எண்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 1933இல் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது யூஜின் மேயர் 8,25,000 டாலருக்கு எடுத்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலை போஸ்ட் தோண்டிய நாட்களில் தலைமையில் இருந்தவர் அவர் மகள் கேத்தரின் கிரஹாம். நெருக்கடிக்கு மசியாத அம்மணி.

இணையதளம் 1996லேயே வந்துவிட்டது. பெசோஸ் காலத்தில் நடந்தது வேறு: செய்தி வெளியிடத் தாங்களே உருவாக்கிய 'ஆர்க்' மென்பொருளை மற்ற பத்திரிகைகளுக்கும் விற்றார்கள்.

முதலாளியின் தலையீடு பற்றிய சந்தேகம் நியாயமானதே. ஆனால் கேள்வி போக வேண்டியது அமேசானிடம் அல்ல, பெசோஸிடம். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் யாரையும் ஆதரிப்பதில்லை என்று போஸ்ட் அறிவித்ததும் லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள் விலகினார்கள். அந்த முடிவை நியாயப்படுத்திக் கட்டுரை எழுதியவரும் பெசோஸ்தான்.