பூட்டான் கட்டணம்: இந்தியர்களுக்கு 200 டாலர் இல்லை

பூட்டான் போகும் இந்தியர்களும் ஒரு இரவுக்கு 200 டாலர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் (சுற்றுலாப் பயணிகளிடம் பூட்டான் அரசு வாங்குவது) செலுத்த வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். இது சரியான தகவல் அல்ல.

இந்தியக் குடிமக்களுக்கான கட்டணம் ஆளுக்கு, ஒரு இரவுக்கு 1,200 ரூபாய். குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது புரிகிறது. கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது, மற்ற வெளிநாட்டவர்களுக்கு 65 டாலராக இருந்ததை 200 ஆக்கினார்கள். அந்தச் செய்திதான் இன்னும் சுற்றுகிறது. அவர்களுக்கும் 2023 செப்டம்பரில் அது 100 டாலராகக் குறைந்துவிட்டது. 2027 ஆகஸ்ட் 31 வரை அதுதான்.

பூட்டான் சுற்றுலாத் துறையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இந்தியர்களுக்கான பகுதியைத் திறந்தால் தொகை தெளிவாக இருக்கும். பழைய வலைப்பதிவுகளைப் பார்த்தால் தேதியையும் கவனியுங்கள். விடுதி, உணவு, வழிகாட்டிச் செலவு இந்தக் கட்டணத்தில் சேராது.

தவறான தொகையைப் பார்த்துவிட்டு யாரும் பயணத்தைக் கைவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். காடுகளையும் மக்கள் நலத்தையும் மனதில் வைத்து வாங்கும் கட்டணம் அது. சரியான தொகையோடு பேசப்பட வேண்டும்.