படலை பூட்டிக் கிடந்தாலும் பொட்டு இருக்கிறது

அப்பாவிடம் மூன்று சீஆர் கொப்பிகள், கனத்த அட்டை போட்ட குறிப்பேடுகள், இருக்கின்றன. முதலாவதின் அட்டை கழன்று, சாக்குத் தைக்கிற நூலால் தைத்துக் கிடக்கிறது. 1996 மே மாதம், இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான உரும்பிராய்க்குத் திரும்பி வந்த கிழமையில் தொடங்கின கொப்பி அது. வெள்ளிக்கிழமை விடிய எழும்பிக் கிணற்றுக்கட்டில் நின்று, அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குவார். கல் தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்து முடிச்சுகளை எண்ணுவார். பிறகு கொப்பியில் திகதி, எத்தனை அடி, சில வேளை பக்கத்தில் ஒரே ஒரு சொல். "உவர்." "கலங்கல்." "நேற்று முழுநாளும் மழை."

ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்று எங்களுக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கிறதே, அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை பெரிதாக எழுந்தபோது எங்கள் ஒழுங்கைச் சனம் அப்பாவிடம் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்தது. முந்தி தண்ணி எப்படி இருந்தது என்று சொல்ல எழுத்தில் வேறு யாரிடமும் எதுவும் இருக்கவில்லை. இந்தக் கணக்கு எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது.

இவற்றுக்கு முந்திய கொப்பி ஒன்றும் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி எங்கள் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அது அலுமாரிக்குள் இருந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

2021இல் வீட்டுக்கு பைபர் இணைய லைன் எடுத்தோம். உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி ஒன்று வாங்கி, லினக்ஸ் இயங்குதளம் போட்டு, கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து, எண்களைத் தட்டெழுதி, ஒரு சின்ன வலைத்தளம் செய்தேன். சுவாமி அறைக்கு வெளியே, அலுமாரிக்கு மேலே அந்தக் கணினிப் பெட்டி. எல்லாம் சரி. ஆனால் வெளியில் இருந்து ஒருவருக்கும் திறக்கவில்லை.

இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் "எங்கடை லைனுக்குச் சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஐபி முகவரி உண்டு. அது வீட்டு இலக்கம் மாதிரி. அந்த இலக்கத்துக்குள் 65,535 வாசல்கள். அவற்றைத்தான் போர்ட் என்கிறோம். வலைத்தளம் பார்க்க வருகிறவர் போர்ட் 80இல் தட்டுவார், பூட்டுப் போட்ட பாதுகாப்பான தளமென்றால் 443இல். நாம் ஒன்றும் சொல்லாமலே உலாவி அந்த இரண்டு வாசலுக்குத்தான் போகும். மின்னஞ்சல் அனுப்புகிற சேர்வர்கள், அதாவது கேட்பவர்களுக்குச் சேவை கொடுக்கிற கணினிகள், 25ஆல் போய்வருகின்றன. வீட்டு இணைப்புகளில் பல நிறுவனங்கள் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மூடி வைக்கிற வாசல்களில் முன்னுக்கு நிற்பவை இவைதான்.

ரவுட்டரில் 443ஐப் பெட்டிக்குத் திருப்பிவிட்டேன். வீட்டு வைஃபையில் தளம் வடிவாகத் திறந்தது. கைபேசியில் வைஃபையை நிற்பாட்டி டேட்டாவில் போட்டால் வெள்ளைத் திரை. மூன்று இரவு இதோடு இருந்தேன். பிழை என்னுடையதென்றே நினைத்து எல்லாவற்றையும் அழித்துத் திரும்பவும் போட்டேன். நாலாம் நாள்தான் ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, எங்களுக்குக் கிடைத்த ஐபி முகவரியைப் பார்த்தேன். 100.81 என்று தொடங்கியது. வெளியிலிருந்து தெரிகிற முகவரியோ முற்றிலும் வேறு.

உங்கள் ரவுட்டரிலும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்கும் இதே கதைதான். பழைய ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியும் கடைசிப் பங்குக்கு வந்து, அளந்து கொடுக்கத் தொடங்கியது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. சிஜி-நாட் என்று அதற்குப் பெயர். அந்த 100.64 வரிசை இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது. பெரிய மதிலுக்குள் நிறைய வீடுகள், றோட்டுக்கு ஒரே ஒரு கேற். அந்தக் கேற்றில் நிற்கிற காவலாளிக்கு என் வீடு எதென்றே தெரியாது. நான் என் படலையை எவ்வளவுதான் அகலத் திறந்து வைத்தாலும் வருகிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இணைப்புத் தந்தவர்களுக்குப் போன் எடுத்தேன். மறுமுனைத் தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். "அண்ணை, வீட்டு லைனுக்கு உள்ளுக்கு வாற போர்ட் தரேலாது. பிசினஸ் பக்கேஜுக்கு மாறினா ஸ்டாடிக் ஐபி, மாறாத சொந்த முகவரி, தரலாம். என்ன பிசினஸ் செய்யிறியள்?" கிணற்றுத் தண்ணீர் மட்டம் எழுதுகிறோம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதற்கென்று ஒரு பக்கேஜ் இல்லை என்றார். மாதக் கட்டணத்தைக் கேட்டபோது, எங்கள் வீட்டுக்கு அது கட்டாது என்று விளங்கிவிட்டது.

வாசல்களைப் பூட்டுவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு போர்ட் 80ஆல் மைக்ரோசொஃப்ட் வலைச் சேர்வர்களுக்குள் புகுந்து 14 மணித்தியாலத்துக்குள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. அதற்குப் பிறகு சில நிறுவனங்கள் வீட்டு லைன்களின் 80ஐ அடைத்தன. 25ஐ வெளியே போகத் திறந்துவிட்டால் கிருமி பிடித்த ஒரு கணினி ஊருக்கெல்லாம் குப்பை மின்னஞ்சல் அனுப்பும். அதை மூடுவது சரி, அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் 443ஐக் கேட்கிற வாடிக்கையாளருக்கு, கேட்டபிறகும், வீட்டு விலையில் திறந்துவிடாததற்கு இன்றைக்கு என்ன நியாயம்? முகவரி தட்டுப்பாடு என்றால் ஐபிவி6 என்ற புது முகவரி முறையைத் தரட்டும். அதன் வரையறை 1998இலேயே எழுதி முடிந்தது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி முகவரி கொடுத்தாலும் தீராத அளவு இலக்கம் அதில் உண்டு. பக்கேஜ் விளம்பரங்களிலும் இறக்குகிற வேகம்தான் பெரிய எழுத்தில். ஏற்றுகிற வேகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாங்கள் பார்க்க மட்டும் பிறந்தவர்கள், எங்களிடம் பிறர் வந்து பார்க்க எதுவும் இருக்காது என்ற நினைப்பில் போட்ட லைன் இது. எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான்.

உலகத்தின் முதல் வலைத்தளமும் ஒருவரின் மேசையில் இருந்த கணினியில்தான் ஓடியது. 1990இல் டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் தன்னுடைய கணினியில், இது சேர்வர், நிற்பாட்ட வேண்டாம் என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டி வைத்திருந்தார். எங்கள் பெட்டியின் பிளக்கிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: "அம்மா, கழட்டாதேங்கோ." முதல் மாதம் அம்மா இரண்டு தடவை கழற்றிவிட்டு, "உதென்னடா, இரவிரவா மினுங்கிக்கொண்டு கிடக்குது" என்று கேட்டதன் பிறகு ஒட்டியது.

இனி வழிக்கு வருகிறேன். ஊரில் மதில்கள் வருமுன் கிடுகு வேலி, கதியால் வேலி இருந்த காலத்தில் பொட்டு, அதாவது வேலியில் ஆள் நுழைகிற இடைவெளி, இல்லாத வளவு கிடையாது. தெருப் படலையால் சுற்றிப் போகாமல் அடுத்த வீட்டுக்குச் சீனி கேட்கப் போனதும், சுற்றிவளைப்பு நாட்களில் ஊர் நகர்ந்ததும் பொட்டுக்குள்ளால்தான். இணைய லைனிலும் பொட்டு உண்டு. உள்ளுக்கு வருவதைத்தான் அவர்கள் தடுக்கிறார்கள், அந்த 25 போன்றவை தவிர நாம் வெளியே போவதைத் தடுப்பதில்லை. தடுத்தால் ஒருவருக்கும் ஒரு தளமும் திறக்காது. ஆகவே வீட்டுப் பெட்டியே வெளியில் உள்ள ஓர் இடத்துக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளட்டும். பிடித்த பிடியை விடாதவரைக்கும், பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்து, அதே பாதையால் வீட்டுக்குள் வந்துவிடலாம்.

லைனில் 80உம் 443உம் மட்டும் மூடி, சொந்த வெளி முகவரி இருக்கிறவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. 8443 மாதிரி வேறொரு போர்ட்டில் தளத்தை வைத்து, முகவரியின் கடைசியில் அந்த எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். பூட்டுக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாக எடுக்கலாம். 80 திறக்காவிட்டாலும், தளத்தின் பெயரான டொமைனை முகவரியோடு சேர்த்துவைக்கிற டிஎன்எஸ் பதிவேட்டில் ஒரு வரி போட்டு, பெயர் உங்களுடையதென்று நிரூபிக்கலாம்.

எங்களைப் போலச் சிஜி-நாட்டுக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு நான் முயன்று பார்த்த வழிகள் இரண்டு. முதலாவது, கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்தின் டனல், அதாவது சுரங்கப் பாதை. டொமைனின் டிஎன்எஸ்ஸை அவர்களிடம் கொடுத்து, சின்ன மென்பொருள் ஒன்றைப் பெட்டியில் ஓடவிட வேண்டும். 2021இலிருந்து அது இலவசம். அரைமணித்தியாலத்தில் தளம் வெளியே தெரிந்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை எனக்கு. நாலு மாதம் அதிலேயே ஓடியது. ஆனால் அந்த வழியில் பூட்டு அவர்களுடைய கையில்தான் திறபடும். பார்க்க வருகிறவரின் போக்குவரத்து அவர்களிடம் அவிழ்ந்து, திரும்பக் கட்டித்தான் எங்களிடம் வரும். கிணற்றுக் கணக்கில் இரகசியம் ஒன்றுமில்லை. என்றாலும், ஒரு மதிலிலிருந்து தப்பி இன்னொரு மதிலுக்குள் போன மாதிரி மனதில் கிடந்து அரித்தது.

இப்போது ஓடுவது இரண்டாவது வழி. சிங்கப்பூரில் மிகச் சிறிய மெய்நிகர்ச் சேர்வர் ஒன்று, அதாவது பெரிய கணினியில் ஒரு சிறு பங்கு, மாத வாடகைக்கு. வீட்டுப் பெட்டி, பூட்டுப் போட்ட பாதை அமைக்கிற வைர்கார்ட் என்ற மென்பொருளால் அதோடு தொடுத்திருக்கிறது. 2020இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள் அதை. பெட்டி 25 விநாடிக்கு ஒரு தடவை "நிற்கிறேன்" என்று ஒரு சின்னக் குரல் கொடுக்கும். குரல் நின்றால் நடுவில் இருக்கிற காவலாளி பாதையை மறந்துவிடுவான். சிங்கப்பூர் சேர்வர் 443க்கு வருவதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. பூட்டின் சாவி உரும்பிராயிலேயே இருக்கிறது. கடவுச்சொல்லால் உள்ளே வருகிற வழியை மூடிவிட்டேன், சாவிக் கோப்பு உள்ளவர் மட்டும்தான் பெட்டிக்குள் வரலாம். புதுப்பிப்புகளைக் கிழமைக்கு ஒரு தடவை போடுகிறேன். வீட்டில் சேர்வர் வைக்கிறவர் இதில் சோம்பலே படக்கூடாது.

எப்படியும் வாடகை கொடுக்கிறாய், தளத்தையும் அங்கேயே வைக்கலாமே என்று கொழும்பிலிருக்கும் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வைக்கலாம். ஆனால் அங்கே இருப்பது வாசல் மட்டும். நாளைக்கு அவர்கள் விலையை ஏற்றினால், அல்லது கடையைப் பூட்டினால், ஒரு பின்னேரத்துக்குள் வேறு நாட்டில் வேறு வாசல் பிடித்துவிடுவேன். டொமைன் பெயர் என் கையில். கொப்பிப் படங்கள் எல்லாம் வீட்டில். 2009இல் யாகூ ஜியோசிட்டீஸைப் பூட்டியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் அவர்களுடைய வீட்டில் ஒரு பிரதிகூட இல்லாமல் போயின. முகநூலிலும் ஊர்க் கதை, ஊர்ப் படம் என்று அருமையான பொருட்களைப் போட்டுவிட்டு, கணக்கு முடக்கப்பட்டதும் கையைப் பிசைகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இதையும் இங்கே முகநூலில்தான் எழுதுகிறேன், சொந்தக்காரர் எல்லாரும் இங்கே இருக்கிறபடியால். மூலம் வீட்டில்தான் இருக்கிறது.

கறண்டைப் பற்றிக் கேட்பீர்கள். பெட்டி ஐந்து வாட்ஸ் அளவில் இழுக்கிறது, மாதம் முழுக்க ஓடினாலும் நாலு யூனிற்றுக்குள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றபோது, பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் போதுமென்று பார்த்து, ஒரு பற்றரியில் மூன்றையும் கட்டினோம். வயர் முனையை உரித்துத் தந்தது அப்பா. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கை அது. நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க முகநூல், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கினார்கள். ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா எங்களைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் தளத்தைத் திறந்திருக்கிறார். ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமைக்கு நேரே அடிக்கணக்கும், அப்பா சொன்னபடி நான் தட்டெழுதிய ஒரு சொல்லும் இருந்தன. "தெளிவு." பிறகு போனில் வந்தபோது, "அண்ணை கிணத்தடிக்குப் போயிருக்கிறார், அப்ப வீட்டில எல்லாரும் சுகம் எண்டு விளங்கிச்சுது" என்றார்.

அந்தச் சித்தப்பாவின் வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கிறது. எங்கள் நேரம் இரவு இரண்டு மணிக்குத் தளம் முழுவதும் அதற்குப் பிரதியாகிறது. வவுனியாவில் அக்கா வீட்டில் இன்னொன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய் மாற்றிக்கொண்டு வருவேன். வீட்டில் வையுங்கள் என்று சொல்கிற நானே வீட்டை மட்டும் நம்பவில்லை. அலுமாரியோடு போன அந்தக் கொப்பியை அப்பா இன்றைக்கும் வருடம் வருடமாக நினைவிலிருந்து சொல்லப் பார்க்கிறார். அடிக்கணக்கு வருகுதில்லை, மழை பெய்த நாட்கள் மட்டும் வருகின்றன.

கோப்பாய், இணுவில், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் பக்கம் யாருடைய அப்பாவோ அப்பப்பாவோ இப்படிக் கிணற்றுக் கணக்கு, தோட்டக் கணக்கு, மழைக் கணக்கு எழுதி வைத்திருந்தால் எனக்கு உள்பெட்டியில் ஒரு வரி போடுங்கோ. சனி, ஞாயிறு நான் நிற்பேன். கொப்பியை வெளியே கொண்டுபோகத் தேவையில்லை, உங்கள் வீட்டிலேயே வைத்துப் படம் எடுக்கலாம். பெட்டி பூட்டித் தாறதுக்கும் வாறன். வருமுன் உங்கள் ரவுட்டரில் ஐபி முகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று மட்டும் பார்த்து வையுங்கோ.